பதினொரு கதியால்

ஓட்மார் என்ன கேட்கப்போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். அதுதான் தொல்லை. தெரியாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கி வந்திருப்பேன். மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். பத்து மணிக்கு மேட்டில், முதலாம் எல்லைக்கல்லடியில், ஒரே ஒரு கேள்வி, ஆம் அல்லது இல்லை. அதன் பிறகு கீழே இறங்கி நகரமன்றத்தில் மேயருக்கு முன்னால் வலக்கையைத் தூக்கிச் சத்தியம். "சத்தியம் அரசாங்கத்தின் சட்டம். கேள்வி எங்கள் வழக்கம்," என்றார். உன் கை எப்போதாவது ஓர் எல்லையை நகர்த்தியிருக்கிறதா? இதுதான் கேள்வி. சப்பாத்து நூலைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ தெரியாது, கை என்ற சொல்லில் மனம் கொளுவிக்கொண்டுவிட்டது. ஏன் கையைக் கேட்கிறார்கள்? நீ நகர்த்தினாயா என்று கேட்டால் போதாதா? கை செய்தது வேறு, நான் செய்தது வேறு என்று யாராவது எப்போதாவது வாதாடியிருப்பார்களோ? இந்த ஊரின் தெருக்களில் முப்பத்தொரு பனிக்காலம் பனி உருக உப்பு வீசிய கைகள். விரல் மொளிகளில் வெடிப்பு. பதினேழு வயதில் இவை மெல்லிய கைகள், பேனா பிடிக்கிற கைகள் என்று அம்மா சொல்லுவா. சமையலறையிலிருந்து மனைவி மலரின் குரல் வந்தது. "என்ன, சப்பாத்தோட தியானமோ? கல்லுக்குக் காவல் இருக்கிற உத்தியோகத்துக்குக் கோட்டு வேற." பிறகு, குரலைத் தணித்து, "வதனிக்கு மறுமொழி சொன்னனீங்களோ?" என்றாள். இல்லை என்றேன். ஊரில் அடுத்த வீட்டு வதனி எங்கள் காணியில் ஒரு முழம் கேட்டு ஒன்பது நாள். "ஒரு முழந்தானே, குடுத்திட்டுப் போங்கோவன். நாங்கள் என்ன, அங்க போய் மாளிகை கட்டப்போறமோ? பாவம், கிழவியக் கதிரையோட தூக்கிக்கொண்டெல்லோ றோட்டுக்கு வருகினமாம்." குடுக்கலாம்தான் என்றேன். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் மலருக்கு அந்த முழத்தின் கதை தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்த மற்றவர் அப்பா, அவர் செத்துப் பதினாறு வருடம். கதவைத் திறந்தேன். வெளியே ஊர் இல்லை. பனிப்புகார் மட்டும் இருந்தது.

இந்த ஊரைப் பற்றி நான் மனதுக்குள் யாருக்கோ விளக்கிச் சொல்லிக்கொண்டே நடப்பேன், வந்த நாளிலிருந்து அப்படி. அந்த யாரோ எப்போதும் பாக்கியம் மாமிதான். மலருக்குச் சொல்வதில்லை, அவளுக்கு எல்லாம் நேரில் தெரியும். அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அடுத்த வளவில் இருந்த பாக்கியம் மாமிக்குத்தான் சொல்கிறேன், சொந்தத்தால் மாமி இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்ததால் மாமி. பாருங்கோ மாமி, இந்த ஊருக்குப் பேர் மார்க்கன்பெர்க். ஜெர்மனியில் ஒரு குன்றின் தலையில் தொப்பி மாதிரி இருக்கிற ஊர், மூவாயிரம் சனம், சுற்றிவர மதில், கீழ்வாசல் மேல்வாசல் என்று இரண்டு கோபுரம். இங்கே எழுவர் என்று ஏழு பேர் இருக்கிறார்கள், ஓட்மார் அவர்களுக்குத் தலைவர். ஊரின் காடு, வயல், தோட்டம் எல்லாவற்றுக்கும் எல்லைக்கல் நடுவதும் காப்பதும் அவர்கள் வேலை. சும்மா நடுவதில்லை. கல்லை நிறுத்துமுன் எல்லோரையும் முதுகைக் காட்டி நிற்கச் சொல்லிவிட்டு, குழிக்குள் சில பொருள்களை ஓர் ஒழுங்கில் வைத்து மூடுவார்கள். சுட்ட மண்ணோ கண்ணாடியோ, எதை எப்படி வைக்கிறார்கள் என்பது அந்த ஏழு பேருக்கு மட்டும் தெரியும். மனைவிக்குச் சொல்லக்கூடாது, பிள்ளைக்குச் சொல்லக்கூடாது, எங்கும் எழுதக்கூடாது. அதற்குச் சாட்சி என்று பெயர். கல்லை ஒருவன் இரவோடிரவாகத் தள்ளி நட்டாலும் சாட்சி பழைய இடத்திலேயே கிடக்கும், மாமி. தோண்டினால் தெரிந்துவிடும். இந்த மாசியில் ஏழு பேரில் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், காலமானார். அவருடைய இடத்துக்கு என்னைக் கேட்டார்கள். நகராட்சி வேலைத்தளத்தில் புல் வெட்டுகிறவன், உப்பு வீசுகிறவன், ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லிக் கூப்பிடுமளவுக்குத் தெரிந்தவன் என்பதால் கேட்டார்கள். ஹெல்கா, பேக்கரிக்காரி, எழுவரில் ஒருத்தி, கடையில் எனக்குப் பாண் சுற்றிக்கொடுத்தபடி, "குகா, உன் புல்வெட்டியால் நீ எத்தனை கல்லை இடித்திருப்பாய்? அதை அந்தக் கேள்விக்குச் சொல்லிவிடாதே, ஓட்மாருக்கு நெஞ்சு வலி வந்துவிடும்," என்று சிரித்தாள். அவளுடைய சிரிப்பு எனக்கு ஒரு கதவு மாதிரித் தெரிந்தது. ஆம் என்று சொல்லலாம், சொல்லிவிட்டுப் புல்வெட்டி என்று சொல்லலாம். எல்லோரும் சிரிப்பார்கள். உண்மையும் சொன்னதாகும், சொல்லாததாகவும் ஆகும். மூன்று வாரமாக அந்தக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

கீழ்வாசலைக் கடக்கும்போது மதிலைத் தொட்டேன். எப்போதும் தொடுவேன், அந்த இடத்தில் ஒரு கல்லுக்குள் நத்தைபோலச் சுருண்ட ஒரு பிராணி கல்லாகவே கிடக்கிறது, உள்ளங்கையளவு. இந்தக் குன்று முழுவதும் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்ததாம். முதன்முதல் அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ பயம் வந்தது. கடல் ஒருமுறை இருந்த இடத்துக்குத் திரும்பி வராது என்று யார் சொன்னது? இன்று பார்த்தால் வந்துவிட்டது. பள்ளத்தாக்கை மூடிப் புகார் வெள்ளையாகக் கிடக்கிறது, அதற்கு மேலே பக்கத்துக் குன்றின் தேவாலயக் கூர் மட்டும், மூழ்கிய கப்பலின் பாய்மரம் மாதிரி. சுண்ணாம்புக்கல் மாமி, எங்கட ஊர் மாதிரியே. மேலே விழுகிற மழை நிற்காது, வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி எங்கோ அடியில் ஓடிவிடும். குன்றின் மேல் கிணறு வெட்டிப் பார்த்து நூறு முழத்திலும் தண்ணீர் இல்லாமல் விட்டிருக்கிறார்கள், சந்தைத் தெருவில் அந்தக் கிணறு இரும்பு மூடி போட்டபடி இன்னும் இருக்கிறது. முந்நூறு தொண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு யுத்தத்தில் சுவீடன் படை வந்து ஊரை எரித்துவிட்டுப் போனதாம். திரும்பி வந்தவர்கள் பதினேழு பேர். வீடு இல்லை, வழி இல்லை, வயலெல்லாம் முள்ளும் பற்றையும். எது யாருடையது என்று சொல்ல ஆளில்லை. பதினேழு பேரில் எழுவரைச் சேர்ந்த கிழவர் ஒருவர் மிஞ்சியிருந்தார், அவர் நடந்து நடந்து தோண்டித் தோண்டிச் சாட்சிகளைக் காட்டினார் என்று ஓட்மார் சொல்வார். கதையோ நிஜமோ. எனக்கு அந்தக் கிழவரை அடிக்கடி கனவில் காண்பது வழக்கம். கனவில் அவர் எங்கள் ஒழுங்கையில் நடக்கிறார். குனிந்து தோண்டுகிறார். நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். இங்கே ஒன்றும் இல்லையே தம்பி என்கிறார், தமிழில்.

ஒன்றும் இல்லைதான். எங்கள் பக்கத்தில் எல்லை என்பது கல் இல்லை, வேலி. வேலி என்பது கதியால். பூவரசிலும் கிளுவையிலும் முள்முருக்கிலும் நல்ல நீளமான தடியாக வெட்டி, மழைக்கு முன் வரிசையாக ஊன்றி, இடையில் பனையோலை வைத்துக் கட்டினால் வேலி. ஊன்றிய தடி வேர் பிடித்துத் தளிர்க்கும். அதனால்தான் எங்கள் ஆட்கள் செய்கிற தவறை வேறு எந்த ஊர்க்காரனும் செய்யமுடியாது, நகர்த்திய எல்லை எங்கள் ஊரில் துளிர்விடும், பூப்பூக்கும், ஐந்து வருடத்தில் ஆதிகாலம் தொட்டு அங்கேயே நின்றதுபோல் ஆகிவிடும். எண்பத்தைந்தாம் ஆண்டு ஐப்பசி, மழை இன்னும் இரண்டு நாளில் வரும் என்ற நிலை. மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு. மாமி வீட்டில் ஆளில்லை. மாமியின் மகள் வதனிக்கு நெருப்புக் காய்ச்சல், ஏழு வயதுப் பிள்ளை, மூன்று நாளாக மாமி ஆசுப்பத்திரியில் அவளோடு நின்றா. மாமா அதற்கு முந்தின வருடமே இறந்துவிட்டார். அப்பா குழி தோண்டுகிற அலவாங்கை என் கையில் தந்தார். "பிடி," என்றார். "என்ன அப்பா?" "வேலி உக்கிப்போச்சு, புதுசா அடைப்பம்." பழைய கதியால்களை அசைத்துப் பிடுங்கினோம். புதுக் குழிகள் பழைய குழிகளுக்கு நேரே இல்லை என்பது மூன்றாவது குழியில்தான் எனக்கு உறைத்தது. அப்பா தன் முழங்கையை மண்ணில் வைத்து, விரல்நுனி முடியும் இடத்தில் கோடு கிழித்தார். ஒரு முழம், மாமி வீட்டிலிருந்து றோட்டுக்குப் போகிற ஒழுங்கைப் பக்கமாக. "அப்பா," என்றேன். "அவளின்ர புருசன் இருக்கேக்க எங்கட பக்கம் தள்ளினவன். நான் எங்கடையத் திருப்பி எடுக்கிறன். தோண்டு." தோண்டினேன். பதினொரு கதியால். பழைய குழிகளை அப்பா காலால் மிதித்து மூடி, மேலே சருகு பரப்பினார். வியர்வையில் அவருடைய மூக்குக்கண்ணாடி வழுக்கி வழுக்கி இறங்கியதும் அவர் அதைப் புறங்கையால் தள்ளித் தள்ளி ஏற்றியதும் ஞாபகம் இருக்கிறது. சங்கக்கடையில் கணக்காளராக இருந்த மனிதர், ஒருவருக்கும் ஒரு சுடுசொல் சொல்லாதவர். மாமா தள்ளியது உண்மையாக இருந்தால்? நாற்பது வருடமாக இந்த இடத்துக்கு வந்தவுடன் நான் வழுக்குகிறேன். உண்மையாக இருந்தால் நாங்கள் செய்தது சரி. சரியென்றால் மாமி வீட்டில் நிற்கிற நாளில் செய்திருக்கலாமே. ஏன் சருகு பரப்பவேண்டும்? உண்மை இல்லை என்றால் அப்பா கள்ளன். அப்பாவைக் கள்ளன் என்று நினைக்க மனம் வராமல் திரும்பி மாமாவிடம் போகிறேன், செத்தவரிடம். இரண்டு செத்தவர்களுக்கு நடுவில் வேலி. கீழே சாட்சி ஒன்றும் இல்லை.

சந்தைத் தெருவில் பேக்கரி மூடியிருந்தது, ஹெல்கா ஏற்கெனவே மேலே போயிருப்பாள். வெண்ணெய் வாசம் மட்டும் தெருவில் நின்றது. அதோடு இன்னொரு வாசம் கூடாத நேரத்தில் வருகிறது. பனங்காய்ப் பணியாரம். மாமி ஆசுப்பத்திரியிலிருந்து வந்த அடுத்த நாள் ஒழுங்கையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. நான் ஜன்னலுக்குப் பின்னால். வண்டில் திரும்ப இடம் போதாமல் இருந்திருக்கவேண்டும். பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டா, குரல் உயர்ந்தது, சனம் சேர்ந்தது, நாலைந்து பேர். "நான் புருசன் இல்லாதவள் எண்டுதானே இந்த வேலை பாத்தனீங்கள்?" அப்பா கண்ணாடியைத் துடைத்தார். அப்போது மாமி என் பக்கம் திரும்பினா. "தம்பி குகன், நீ சொல்லு. நீ பொய் சொல்லமாட்டாய். வேலி முந்தி எங்க நிண்டது?" எனக்குப் பதினேழு வயது. வதனிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன், மாமி கடைக்குப் போனால் வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டுப் போவது என்னிடம்தான். அந்த நேரம் என் மனதில் என்ன ஓடியது என்று எத்தனையோ முறை தேடியிருக்கிறேன். ஒன்றும் ஓடவில்லை. ஒரு காகம் கத்தியது. "அதிலதான் மாமி நிண்டது," என்றேன். அவ்வளவுதான். மாமியின் முகத்தில் கோபம் அப்படியே இறங்கிப்போனது, ஒரு பாத்திரத்திலிருந்து தண்ணீர் இறங்குவதுபோல். என்னை நம்பினா. தன் கண்ணை நம்பாமல் என்னை நம்பினா. "நித்திரை இல்லாமக் கண் மாறாட்டமாக்கும்," என்றா. நாலு சனத்துக்கு முன்னால் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டா. பின்னேரம் ஒரு தட்டு நிறையப் பணியாரம் சுட்டு, வாழையிலையால் மூடிக் கொண்டுவந்து தந்தா. அப்பா தொடவில்லை. நான் நாலு தின்றேன். சுடச்சுட. நல்ல ருசி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, ருசியாக இருந்ததை.

மேல்வாசலுக்கு வெளியே ஆப்பிள் தோட்டம், இளம் மரங்களுக்கு ஊன்றிய தடிகள் புகாருக்குள் வரிசையாக நின்றன. எண்ணாதே என்று சொல்லிக்கொண்டேன். எண்ணினேன். ஒன்பதுக்கு மேல் தெரியவில்லை, மீதியைப் புகார் மூடியிருந்தது. தடிகள் என்னோடு சேர்ந்து மேட்டில் ஏறுகின்றன என்று ஒரு கணம் தோன்றியது, மெதுவாக, ஒரு நேரத்துக்கு ஒரு முழமாக. இந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஓட்மார் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொன்னார். எழுபத்திநாலு வயது, மாட்டுப் பண்ணைக்காரர், பேச்சுக்கு நடுவில் நீண்ட நேரம் நிறுத்துவார், முடித்துவிட்டார் என்று நாம் எழும்பினால் தொடர்வார். சந்தைத் தெருவில் இப்போது மருந்துக்கடை இருக்கிற வீட்டில் லேமன் என்றொரு யூதக் குடும்பம் இருந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டில் நாஜிகள் அவர்களைக் கொண்டுபோனார்கள். ஒரு மகன் மட்டும் முதலே அமெரிக்கா போயிருந்தான், நாற்பத்தேழில் திரும்பி வந்து பார்த்தான், வீட்டுப் பின்தோட்டம் இரண்டு எட்டு தூரம் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கல் அங்கேதான் இருந்தது என்றார். தெருவில் எல்லோரும் கல் அங்கேதான் இருந்தது என்றார்கள். எழுவர் போய்த் தோண்டினார்கள். கல்லுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இரண்டு எட்டு இந்தப் பக்கம் வந்து தோண்டினார்கள், சாட்சி கிடந்தது. ஓட்மார் நிறுத்தினார். நான் எழும்பப் பார்த்தேன். "பக்கத்து வீட்டுக்காரர் என் தாத்தா," என்றார். "தோண்டிய ஏழு பேரில் ஒருவர் அவர். மண்வெட்டி பிடித்ததே அவர்தான். எங்கே தோண்டினால் அகப்படும் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் தோண்டினார்." ஏன் என்று கேட்டேன். "அதை அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி." இதுவரை யாராவது ஆம் என்று சொன்னார்களா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

சட்டைப்பையில் தொலைபேசி கனத்தது. அதற்குள் வதனியின் குரல் இருக்கிறது, ஒன்பது நாளாக. இருபது தடவையாவது கேட்டிருப்பேன். "அண்ணை, வதனி கதைக்கிறன். சுகமா இருக்கிறியளோ? ஒரு உதவி கேக்கவேணும், கோவிக்கக்கூடாது. அம்மாக்கு இப்ப நடக்க ஏலாது. எங்கட ஒழுங்கைக்குள்ள ஓட்டோ வராது, ஒரு முழம் காணாமக் கிடக்கு. உங்கட காணிப் பக்கம் ஒரு முழம் தந்தீங்கள் எண்டா, அண்ணை, என்ன விலையோ அதைத் தருவம். அம்மா கேக்கவேண்டாம் எண்டவ. குகன் நல்ல பிள்ளை, கேட்டால் தருவான், அதுக்காக நாங்கள் கேக்கக்கூடாது எண்டவ." ஒரு முழம் காணாமல் கிடக்கிறதாம். விலை தருவார்களாம். தரலாம். நாளைக்கே எழுதிக் கொடுக்கலாம், காசு வேண்டாம் வதனி, எங்கட மாமிக்கு இல்லாததோ என்று சொல்லலாம். ஊர் முழுக்கக் கதைக்கும், ஜேர்மனியில இருக்கிற குகன் சும்மா காணி குடுத்தவனாம். மாமி இன்னொரு தட்டுப் பணியாரம் சுடச் சொல்லுவா. அங்கேதான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். திருடிய பொருளைப் பரிசாகக் கொடுத்து நன்றியும் வாங்குவதென்றால் இரண்டாவது முறையும் திருடுகிறேன். ஆனால் கொடுக்காமல் இருந்தால் கிழவி கதிரையில் தொங்கிக்கொண்டு போகிறா. கொடுத்துவிட்டு உண்மையைச் சொன்னால்? எண்பத்துமூன்று வயதில் மாமிக்கு அந்த உண்மை எதற்கு, என் பாரத்தை இறக்கவா? மாமி நிம்மதியாக நம்பிக்கொண்டிருக்கிற ஒரு நல்ல பிள்ளையை நான் ஏன் கொல்லவேண்டும்? இப்படிக் கேட்கும்போது நான் எவ்வளவு கருணையுள்ளவனாகத் தெரிகிறேன் என்பதையும் கவனித்தேன். பயத்துக்குக் கருணை மாதிரி வேஷம் போடத் தெரியும். நாற்பது வருடம் பழகிவிட்டது அதற்கு. வழியில் மரவேர் தடுக்கிக் கையை ஊன்றினேன், ஈர மண், உக்கிய இலை, அதே மணம். எந்த நாட்டிலும் தோண்டிய மண்ணுக்கு ஒரே மணம்தான்.

புகாருக்குள் முதலில் தொப்பிகள் தெரிந்தன, பிறகு ஆட்கள். ஆறு பேரும் கல்லைச் சுற்றி நின்றார்கள். முதலாம் கல் முழங்கால் உயரம், ஊரின் சின்னமான கோபுரம் அதில் தேய்ந்து ஒரு பல்லைப்போல் இருக்கிறது. ஹெல்கா என் கோட்டைப் பார்த்து, "கல்யாண மாப்பிள்ளை வந்துவிட்டான்," என்றாள். பக்கத்தில் உள்ள மரவாங்கில் காகிதத்தில் சுற்றிய பாண் இருந்தது. ஓட்மார் தொப்பியைக் கழற்றினார், மற்றவர்களும் கழற்றினார்கள். இலைகளிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும். "குகதாசன்," என்றார் ஓட்மார். முழுப்பெயர், பிழையில்லாமல், வீட்டில் சொல்லிப் பழகியிருப்பார் போல. "உன் கை எப்போதாவது ஓர் எல்லையை நகர்த்தியிருக்கிறதா?" இல்லை என்ற சொல் தொண்டையில் தயாராக இருந்தது. ஒரு காகம் கத்தும் என்று எதிர்பார்த்தேன் போலும். ஒன்றும் கத்தவில்லை. ஆம் என்றேன். ஹெல்கா வெடித்துச் சிரித்தாள். "புல்வெட்டி! நான் சொன்னேனே, சொல்லாதே என்று!" எல்லோரும் சிரித்தார்கள், ஓட்மாரின் மீசைகூட அசைந்தது. கதவு திறந்தே இருந்தது. நானும் சிரித்தால் போதும். என் முகம் சிரிக்கத் தொடங்கிவிட்டது, அது எனக்குத் தெரிந்தது. "புல்வெட்டி இல்லை," என்றேன். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது, ஹெல்காவுடையது கடைசியாக. பிறகு சொன்னேன். கதியாலுக்கு ஜெர்மனில் சொல் இல்லை, வேர் பிடிக்கிற தடி என்றேன். அடுத்த வீட்டு மாமி, காய்ச்சல்காரப் பிள்ளை, ஒரு முழம், பொய். நாற்பது வருடம் சுமந்தது ஐந்தாறு வசனத்தில் முடிந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, அது அவ்வளவு சிறிதாக இருந்ததற்கு.

ஓட்மார் குனிந்து கல்லின் தலையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டார். பிறகு, "கீழே சாட்சி இருந்ததா?" என்றார். இல்லை, அங்கே அந்த வழக்கம் இல்லை என்றேன். "தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?" "நான் மட்டும்." அவர் தலையாட்டினார். "அப்படியென்றால் அங்கே கீழே கிடப்பது நீ." தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "எங்கள் சாட்சி தோண்டும்வரை பேசாமல் கிடக்கும், அதற்கு வாய் இல்லை. உனக்கு இருக்கிறது. இன்றைக்குச் சத்தியம் இல்லை, குகா. மேயரிடம் நான் சொல்கிறேன், உனக்கு உன் ஊரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று. உன் இடம் காலியாகக் கிடக்கட்டும். அது ஓடிப்போகாது." "மேயர் எட்டுப் பேருக்குத் தொத்திறைச்சி சொல்லிவைத்திருக்கிறாரே," என்றாள் ஹெல்கா, குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "சத்தியம் பண்ணாதவனும் தின்னலாம்," என்றார் ஓட்மார். அப்போதுதான் கேட்டேன், இதற்கு முன் யாராவது ஆம் என்று சொன்னார்களா என்று. "எழுபத்தெட்டு வருடத்தில் நீ முதல் ஆள்." யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஹெல்கா தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கொஞ்சம் தள்ளிப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். தள்ளிப் போனால் எழுத்தில் அனுப்பிவிடுவேன் என்று பயந்து திரும்பிவந்து கல்லடியிலேயே நின்றேன், இவர்களுக்குத் தமிழ் தெரியாது. அங்கே மத்தியானம் தாண்டியிருக்கும். வதனிதான் எடுத்தாள். "அண்ணையோ! பொறுங்கோ, அம்மா இப்பதான் சாப்பிட்டவ, முழிச்சுத்தான் இருக்கிறா." கட்டில் கிரீச்சிட்டது, மின்விசிறிச் சத்தம். "ஆரடா, குகனோ? அங்க குளிரோ?" நாற்பது வருடம் மனதுக்குள் பேசிய குரலைவிட மெல்லிசான குரல். "ஓம் மாமி, புகார்." "சாப்பிட்டியோ?" "மாமி, வேலி..." "ஓமடா, வதனி கேட்டவளாம். அவளுக்குப் புத்தியில்லை. ஏலாட்டி விடு, அதுக்கென்ன." "அது உங்கட காணி மாமி. நானும் அப்பாவும்தான் தள்ளினது. நீங்கள் கேக்கேக்க நான் பொய் சொன்னனான்." மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ தூரத்தில் மோட்டார்சைக்கிளை உதைத்தார்கள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், விநாடிகள் ஓடின. "வதனி ஆசுப்பத்திரியில கிடக்கேக்கயோ?" என்றா மாமி. "ஓம்." மறுபடி மின்விசிறி. "அப்ப என்ர கண் பிழைக்கேல்லை." "இல்லை மாமி." "நான் இவ்வளவு காலமும் என்ர கண்ணிலயெல்லோ பிழை எண்டு இருந்தனான்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "முழத்தை விடு. அது மண். நான் நாலு சனத்துக்கு முன்னால கொப்பரிட்ட மன்னிப்புக் கேட்டனான், பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தனான். அதை ஆரடா எனக்குத் திருப்பித் தாறது?" நான் வாயைத் திறந்தேன். வாய் இருக்கிறது என்று ஓட்மார் சொன்னாரே. "வதனி, இந்தா, இதை நிப்பாட்டு," என்று மாமி சொல்வது கேட்டது, பிறகு திரை இருண்டது.

புகார் மெல்லக் கீழிருந்து கலைந்துகொண்டிருந்தது. முதலில் கூரைகள், பிறகு சந்தைத் தெரு, இரும்பு மூடி போட்ட கிணறு, மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு சிறு தோட்டம். கடல் மறுபடி வற்றுகிறது என்று நினைத்தேன். ஓட்மார் வாங்கில் உட்கார்ந்து பாணைக் கத்தியால் ஏழாக வெட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொன்னார்?" "ஒரு கேள்வி கேட்டார்." "ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதா?" "இல்லை," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, ஏழாவது துண்டைக் காகிதத்தில் சுற்றி என் பக்கம் நீட்டினார். "உன் ஊருக்குப் போகும் வழிக்கு வைத்துக்கொள்," என்றார்.